சரிபாதி

திங்கட்கிழமை ஒத்தார் வந்தார்.
கோட்டுப் பையில் செய்தித்தாள் சுற்றிய ஹார்ட் டிஸ்க்.
"செத்துவிட்டது, நாதேலா. ஒன்றுமே காட்டவில்லை."
செருகிப் பார்த்தேன்.
தட்டு சீராகச் சுழல்கிறது, முனை எங்கும் தட்டவில்லை,
உடம்புக்கு ஒன்றுமில்லை.
திரை மட்டும் கேட்டது:
இது யாரென்று தெரியவில்லை, புதிதாய்த் தொடங்கட்டுமா?
ஒத்தாரின் விரல் 'சரி'யை நோக்கிப் போனது.
மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினேன்.
குத்தாயிசியில் வாடிக்கையாளரை அடிக்கிற கடை
என்னுடையது ஒன்றுதான்.

வியாழக்கிழமை லமாரா.
அதே கம்பெனி, அதே ஐந்நூறு ஜிபி,
அதே புகார், திரையில் அதே கேள்வி.
இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தேன்.
வரிசை எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு.
"நீங்கள் இருவரும் சேர்ந்து..."
"இருந்தோம்" என்றாள்.

பதினான்கு வருஷம்
ஊரார் கல்யாணங்களைப் படம் பிடித்தவர்கள்.
பிரியும்போது எல்லாம் கணக்காய்ப் பிரித்தார்கள்:
நாற்காலி மும்மூன்று,
விளக்கு அவளுக்கு, விளக்கின் முக்காலி அவருக்கு.
கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போனது.
உள்ளிருந்த டிஸ்க்குகள் ஆளுக்கொன்று.
எந்த நீதிபதியும் அவ்வளவு நியாயமாய் வெட்டியிருக்க மாட்டார்.

ஆனால் அந்த மதர்போர்டு
அவற்றை ஒருநாளும் இரண்டென்று எண்ணியதில்லை.
வேகம் வேண்டுமென்று ஒத்தார்தான் அப்படி அமைத்தாராம்.
ஒரு கவளம் இதற்கு, மறு கவளம் அதற்கு,
அறுபத்துநான்கு கேபி, அறுபத்துநான்கு கேபி;
மணப்பெண்ணின் நெற்றி ஒன்றில்,
புருவம் மற்றதில்,
"ஆமாம்" என்ற சொல்லின் ஆ இங்கே, மாம் அங்கே.
ஒன்றையே இரண்டிலும் எழுதச் சொல்லியிருந்தால்
ஆளுக்கொரு முழு வாழ்க்கை மிஞ்சியிருக்கும்.
இடம் பாதியாகியிருக்கும்.
அப்போது அவர்களுக்கு இடம்தான் போதவில்லை.

இத்தனை வருஷம் கழித்து ஏன் இப்போது?
எத்தேரி என்றொருத்தி இருவருக்கும் தனித்தனியே போன் செய்திருக்கிறாள்.
அப்பா ஜனவரியில் இறந்துவிட்டார்.
அவர் ஆடியது வாழ்நாளில் ஒரே தடவை,
அவள் கல்யாணத்தில்.

இன்றைய போர்டுகள் இந்த ஜோடியை அடையாளம் காணா.
அந்தப் பழைய கண்ட்ரோலர் சிப்பின் சொந்தக்காரன் ஒருவனாவது வேண்டும்.
மூடிப்போன பேக்கரியின் பில் மிஷினுக்குள் கிடைத்தான்.
விசிறியெங்கும் மாவு.
உப்பியிருந்த கெப்பாசிட்டரை மாற்றினேன்,
பயாஸில் டிஸ்க்குகளைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன்.
"யாருடையது முதலில்?"
இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.
நீங்கள் முடிவு செய்ய ஒன்றுமில்லை,
கடைசி ஓரத்தில் அவையே எழுதி வைத்திருக்கின்றன என்றேன்.
லமாராவுடையது சுழியம். அவள் முகம் சுருங்கியது.
எண்ணிக்கை சுழியத்தில்தான் தொடங்கும் என்றேன்.
ஒத்தாரின் முகம் சுருங்கியது.

நகலெடுக்க ஏழு மணி நேரம்.
ரியோனிப் பக்கம் மழை கறுத்தால்
எங்கள் தெருவில் கரண்ட் போகும்;
யுபிஎஸ்ஸின் பச்சை விளக்கைப் பார்த்தபடி
மூவரும் உட்கார்ந்திருந்தோம்.
ஒத்தார் போய் இரண்டு காபி வாங்கிவந்தார்.
என்னை மறந்துவிட்டார்.

நள்ளிரவு தாண்டி அந்தக் கோப்பு திறந்தது.
குட்டையான மனிதர், கழுத்துப்பட்டை தளர்ந்து,
கைகளை இரு பக்கமும் விரித்து
மெழுகுவர்த்தி தட்டாமல் ஆடுகிறார்.
நான்கு நிமிஷம் இருபது விநாடி.
"இங்கே கேமரா நடுங்குகிறது" என்றார் ஒத்தார்.
"நீ பிடித்தது."
"நான் மேடைப் பக்கம் நின்றேன். இது நீ."
லமாரா திரையருகே குனிந்தாள்.
"ஆமாம்," என்றாள், "அழுதுகொண்டிருந்தேன்."

இரண்டு புது டிஸ்க்கில் முழுசு முழுசாய்ப் போட்டுக் கொடுத்தேன்.
தனித்தனிப் பையில், தனித்தனி டாக்சியில் போயின.
பழைய ஜோடியை யாரும் கேட்கவில்லை.
ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்,
மேலே ஒரு சீட்டு ஒட்டி:
ஒன்றை மட்டும் கொடுக்காதே.