ஒற்றை டிக்

காலை ஐந்தே முக்காலுக்குக் கலெக்டர் அறிவிப்பு.
ஆறு மணிக்குள் பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு
என் செல்போனுக்குள் குடிவந்துவிட்டது,
நாற்பத்தொரு பேர்.

வீடியோ அனுப்பினேன்.
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
அது சுற்றிக்கொண்டே நின்றது.
பிறகு குரல் மட்டும்:
"கோபுரத்தின் அடியிலிருந்து
முப்பது மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள்.
ஏற்றக்கோணம் அறுபது. உயரம் என்ன?"
கேள்விக்குப் பின்னால் என் குக்கர், மூன்று விசில்.

வருகைப்பதிவு இப்போது டிக்குகளில்.
நஸ்ரின் பானு, நீலம்.
அறவாழிக்கு இரண்டு, ஆனால் சாம்பல்;
போன் அவன் அப்பாவுடையது,
அப்பா கொள்முதல் நிலையத்தில்
நனைந்த நெல்லுக்குத் தார்ப்பாய் பிடித்துக்கொண்டிருக்கிறார்.
செங்கொடிக்கு ஒன்றே ஒன்று.
முதல் நாளும்.
மறுநாளும்.

மூன்றாம் நாள் விடியுமுன் வந்தது
அவள் குரல், பாதி தவளை:
"மிஸ், இடும்பாவனம் பால் சொசைட்டி வாசல்லேர்ந்து பேசுறேன்.
இங்கதான் ஒரு புள்ளி கிடைக்குது.
எங்க ஊரு டவரு காத்துல சாஞ்சிருச்சு.
நேத்து முப்பது மீட்டர் தள்ளி நின்னு
பாகைமானிய கண்ணுல வச்சுப் பாத்தேன்.
உச்சி அறுபதுலதான் தெரியுது.
ஆனா அடியில தொண்ணூறு இல்லியே, மிஸ்.
டேன் போடலாமா?"

கூடாது.
சாய்ந்து நிற்பவற்றுக்கு
பதினொன்றாம் வகுப்பில்தான் சூத்திரம்.

பழைய வினாத்தாளின் முதுகில்
படம் போட்டு, சைன் விதியை எழுதி,
சாய்வையும் அளந்து வா என்று சொல்லி,
கரண்ட் போவதற்குள் அனுப்பினேன்.

ஒற்றை டிக்.
பாலை ஊற்றிவிட்டுக் கிளம்பியிருப்பாள்.