கட்டாயக் கட்டம்

ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள்
எங்கள் கணினியில் ஆயிரத்துச் சொச்சம்.
பிறப்பத்தாட்சிப் பத்திரம் பங்கருக்குள் நனைந்துபோனவர்கள்,
"மாரி காலம் பிள்ளை, திகதி தெரியேல்லை" என்றவர்கள்,
நான் கேட்காமலே விட்டவர்கள்.
எல்லோருக்கும் ஒரே நாளில் கேக் வெட்டலாம்.

முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே தொலைபேசி இலக்கம்.
எடுத்துப் பார்த்தேன்.
ஓட்டோக்காரர் பேசினார்:
"ஓம், எல்லாரும் என்ர ஆக்கள்தான். ஆருக்கு என்ன?"

மனுவேற்பிள்ளை எமிலியான்
தெல்லிப்பழையில் எமிலியான் மனுவேற்பிள்ளை.
தகப்பன் முன்னுக்கா மகன் முன்னுக்கா,
மென்பொருள் செய்தவருக்குத் தெரியாது;
குடும்பப்பெயர் கேட்கிறது,
எங்களிடம் இல்லாத ஒன்றை.
நிரந்தர முகவரி என்றதும் அவர் சிரித்தது
நினைவிருக்கிறது.
மயிலிட்டியில் வளவு, பாசையூரில் வாடகை வீடு,
இடையில் இருபத்தேழு வருடம்.
அங்கே வளவை எழுதினார்கள்,
நான் வாடகை வீட்டை.
இரண்டு பெயர், இரண்டு முகவரி,
ஆகவே இரண்டு மனிதர்.
ஒருவருக்குப் பெனிசிலின் ஒவ்வாது.
மற்றவருக்கு ஒன்றுமில்லை.

திருக்கை முள் ஏறி வீங்கின காலோடு
பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர்
அந்த மற்றவர்.

தாதி திரையைப் பார்த்தார்.
ஊசி ஏறிப் பத்து நிமிடத்துக்குள்
உதடு தடித்து, தொண்டை அடைத்து,
விறாந்தையில் றெஜினா
ஒற்றைச் செருப்போடு.

பிழைத்துவிட்டார்.
அதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும்.
பிழை என்னுடையது,
பிழைத்தது அவர்.

இரவு, யார் எதைப் பதிந்தார் என்கிற பக்கத்தைத் திறந்தேன்.
ஒவ்வாமை: இல்லை.
பதிந்தவர்: செ. யசோமதி.
செவ்வாய், காலை எட்டு ஐம்பத்திரண்டு.

எட்டு ஐம்பத்திரண்டை எனக்குத் தெரியும்.
வரிசை வீதிவரை நீளும் நேரம்.
கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம்,
நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது.
'தெரியாது' என்றொரு தெரிவு கிடையாது,
'கேட்கவில்லை' என்று ஒன்றை ஒருவரும் நினைத்ததேயில்லை.
பட்டியலில் முதலாவது 'இல்லை'.
அழுத்தினேன்.

வெறுமையாக விடமுடிந்திருந்தால்
யாராவது அவரைக் கேட்டிருப்பார்கள்.
'இல்லை' என்ற பிறகு
எவர் கேட்பார்?

தெல்லிப்பழை பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம்.
அங்கே யாரோ கேட்டிருக்கிறார்,
கேட்டு, பெரிய எழுத்தில் அடித்திருக்கிறார்.
அந்தப் பெரிய எழுத்து
பஸ் ஏறி வரவில்லை.

"அப்ப எல்லாத்தையும் எல்லாருக்கும் திறந்துவிடுவமே?"
கூட்டத்தில் கேட்டார்கள்.
கையை உயர்த்தப் போய்
மடியில் வைத்துக்கொண்டேன்.
போன மாதம் பல் கிளினிக்கில் ஒரு பெண்
என் திரையை எட்டிப் பார்த்தாள்.
மனநலப் பிரிவு என்ற வரி அங்கே கிடந்தது.
பக்கத்துக் கதிரையில்
அவளுக்குப் பேசிவைத்த வீட்டுக்கு அயல்.
"அக்கா, நான் பல்லுக்கு வந்தனான்.
பல்லை மட்டும் பாருங்கோ."

இன்று இருவரையும் ஒருவராக்கப் போனேன்.
'ஒரே நபர்தான் என உறுதிப்படுத்துகிறீர்களா?'
கணினியை அப்படியே விட்டு
விடுதிக்கு இறங்கிப் போனேன்.
கட்டுப்போட்ட கால், தலையணைமேல்.

"நீங்கள் மனுவேற்பிள்ளையோ, எமிலியானோ?"
"மனுவேற்பிள்ளை அப்பு. செத்து முப்பது வருசம்.
அவருக்கும் மருந்து குடுக்கிறியளோ?"

மன்னிப்பு என்ற சொல்லை
படியிறங்கும்போது தயார் செய்திருந்தேன்.
வாயில் வந்தது வேறு:
"பிறந்த திகதி?"
"ஓகஸ்ட் பதினைஞ்சு. மாதா திருநாள்.
ஒருத்தரும் கேக்கேல்லையே."

மேலே வந்து திருத்தினேன்.
பழைய 'இல்லை' அழியாது,
குறுக்குக் கோட்டோடு அங்கேயே கிடக்கும்,
பக்கத்தில் என் பெயர்.

ஜனவரி ஒன்றில்
ஒருவர் குறைந்தார்.