ஒரு கிலோ சீனி

சங்கக்கடைச் சீனி, ஒரு கிலோ.
கொழுக்கியில் கொழுவினேன். முள்
ஒன்று இருநூறில் போய் நின்றது.
இறக்கி, துடைத்து, திரும்பவும் கொழுவினேன்.
அதே இருநூறு.

மாசி, பங்குனி, சித்திரை.
பாரதிபுரத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும்
இருநூறு கிராம் சதை
நான் கூட்டி எழுதியிருக்கிறேன்.

கபிசனின் கொப்பியில்
பச்சைக்குள் புள்ளி போட்டது பங்குனியில்.
றஜித்தா சிரித்தாள்.
"நிறை வந்திட்டுது, இனிக் காணும்" என்று
அன்றோடு திரிபோசாவை நிறுத்தினேன்.

பணிமனைக்கு எழுதினேன்: தராசு பழுது.
எத்தனை பிள்ளைகள் என்று கேட்க
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

வாய்க்கால் கரையால் ஸ்கூட்டி போக
சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.
தராசு பிழை. தராசுதான் பிழை.
கிளினிக் தொடங்கமுன் முள்ளைப் பார்க்கவேண்டியது ஆர்
என்பதை மட்டும் விட்டுவிட்டு.

றஜித்தா இரவு வேலை முடிந்து வந்தவள்,
கார்மன்ட்ஸ் அட்டை இன்னும் கழுத்தில்.
இடுப்பிலிருந்தவன் என் பேனையைப் பறித்தான்.
வாங்கி,
பச்சைப் புள்ளியை வெட்டி
செம்மஞ்சளில் வைத்தேன்.
அவள் கொப்பியைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.

"அப்ப மிஸ், மா திரும்பவும் தருவீங்களோ?"

ஓம் என்றேன்.
வாசல் கம்பியில் காய்ந்த சேலையை ஒதுக்கி
இருக்கச் சொன்னாள், தேத்தண்ணி போடுறன் என்றாள்,
பிறகு, வெறுந்தேத்தண்ணிதான் என்றாள்.

பைக்குள் சீனி கிடந்தது.
கை ஒருக்கால் போனது.
நாளைக்குக் கனகபுரம்,
அங்கும் முதலில்
அதைத்தான் கொழுவிப் பார்க்கவேணும்.