காற்புள்ளி

அதிகாலை மூன்று பதினேழு.
செங்காங், பதினோராம் மாடி.
தலையணைக்கடியில் கைப்பேசி
கரையில் போட்ட மீனாய்த் துடிக்கிறது.
பின்னடைவு: எட்டாயிரத்து நானூறு.
துவாஸில் அடுக்கியிருக்கும் குளிர்ப்பெட்டிகள்
மாலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதை
நாங்கள் இன்னும் கேட்கவில்லை என்று பொருள்.

சமையலறை மேசையில் மடிக்கணினி.
பக்கத்தில் நேற்றைய கோப்பி ஓ கோசோங்
பிளாஸ்டிக் பையில் கட்டியபடியே.

முதலில் எல்லாரையும்போல நானும்
தவறான இடத்தில்தான் தேடினேன்.
இணைப்பைச் சந்தேகித்தேன்: நலம்.
சான்றிதழ்: மார்ச் வரை செல்லும்.
வட்டில் இடம்: தாராளம்.
ஒருமுறை அணைத்துப் போட்டேன்;
தெரியாதவர்கள் செய்வதைத்
தெரிந்தவர்களும் செய்வதுண்டு, இருட்டில்.
எழுந்தது, நாலு அடி நடந்தது,
அதே இடத்தில் விழுந்தது.

அதே இடம்.
அதுதான் துப்பு.

ஆறு வரிசைகளில் ஐந்து ஓடுகின்றன.
மூன்றாவது மட்டும்
தேக்கா சந்தையில் சில்லறை தேடுகிறவருக்குப் பின்னால்
மாட்டிக்கொண்ட கூட்டம்போல் நிற்கிறது.
முன்னால் நிற்கும் ஒற்றைச் செய்தியை
நிரல் விழுங்கப் பார்க்கிறது, துப்புகிறது,
விழுங்கப் பார்க்கிறது, துப்புகிறது,
நொடிக்கு இருபது தடவை.
மறுமுயற்சிக்கு எல்லை வைக்கப்
போன டிசம்பரில் மறந்தது நான்தான்.

திறந்தேன். பெட்டி எண். நேரம். வெப்பநிலை.
கழித்தல் பதினேழு, அப்புறம் ஒரு காற்புள்ளி, எட்டு.
புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் காற்புள்ளி.
ரோட்டர்டாமில் யாரோ
பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறார்கள்.
அவர்கள் ஊர் வழக்கப்படி
தசமத்துக்கு ஒரு வால் முளைத்துவிட்டது.
வாலைக் கண்டதும், இது எண்ணல்ல எழுத்து என்று
முரண்டு பிடிக்கிறது என் நிரல்.

அழைப்பில் ஹஃபிசா, பாதித் தூக்கத்தில்:
"தாண்டிப் போ லா. ஒதுக்கிடத்தில் தள்ளு.
காலையில் பார்ப்போம்."
கையேடும் அதைத்தான் சொல்கிறது.
கையேடு நான் எழுதியது.
தள்ளினேன், அதையும்
பின்னால் அதே பெட்டி அனுப்பிய நாற்பதையும்.

மடை திறந்ததுபோல...
இல்லை, மடையெல்லாம் இல்லை,
திரையில் ஓர் எண் குறைந்தது, அவ்வளவுதான்.
எட்டாயிரம். ஐயாயிரம். அறுநூறு. பூஜ்யம்.

பிறகு வழக்கமான குப்பை.
விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கியதால்
சொன்னதையே சொல்லும் இருநூறு செய்திகள்.
உள்ளூர் நேரத்தைக் கிரீன்விச் என்று நம்பி
எட்டு மணி நேரம் தள்ளி
எதிர்காலத்திலிருந்து வந்த சில.
சலித்தேன். மணி நாலரை.

மூடியை மூடப்போகையில்தான்
ஒதுக்கிடத்தின் பட்டியல் கண்ணில் பட்டது.
மேலிருந்து கீழாக:
கழித்தல் பதினேழு. பதினாறு. பதினான்கு.
பன்னிரண்டு.
கடைசியாகக் கழித்தல் ஒன்பது.

உள்ளே உறையவைத்த இறால்.
பதினெட்டுக்கு மேலே ஏறக்கூடாதது.
காற்புள்ளிகளையே எண்ணிக்கொண்டிருந்தவள்
எண்களைப் படிக்கவில்லை.

முனையத்தில் இரவுப் பணியில் இருந்தவர் பூவராகன்.
வரிசை சொன்னேன், அடுக்குச் சொன்னேன்.
இரும்பு ஏணியில் காலடி. மூச்சு.
"பிளக்கு பாதிதான் மேடம் மாட்டியிருக்கு.
சிவப்பு விளக்கு எரியுது,
இந்தப் பக்கம் யாரும் வர்றதில்ல."
அழுத்தினார்.
அந்த 'டக்' எனக்கும் கேட்டது.

இப்போது அறிக்கை எழுதவேண்டும்.
மூல காரணம் என்ற கட்டத்தில்
ஒரு வரிக்குத்தான் இடம்.
ரோட்டர்டாம் என்று அடித்தேன், அழித்தேன்.
பிளக் என்று அடித்தேன்.
அழித்தேன்.

கீழே மழைமரத்தில் குயில் தொடங்கிவிட்டது.
ஒவ்வொரு தடவையும் குரலைக் கொஞ்சம் உயர்த்தி,
இடைவெளி விடத் தெரியாமல்,
யாராவது எடுத்துப் பேசும்வரை.