வழங்கிய அமைப்பு

வெள்ளைக் கையுறையோடு வந்திருக்கிறாள் நிவெஸ்,
ரியேகா நகர அருங்காட்சியகத்திலிருந்து.
ஒவ்வொரு விருதுக்கும் அவளிடம் நான்கு கட்டம்:
ஆண்டு, பொருள், எடை, வழங்கிய அமைப்பு.

முதலாவது எழுபத்தொன்பது.
செப்புத் தகடு, முந்நூற்றிருபது கிராம்.
இளைஞர் கூட்டமைப்பு கொடுத்தது என்றேன்.
எந்த நாடு என்றாள்.
யூகோஸ்லாவியா.
கைக்கணினியில் நாடுகள் அகர வரிசையில் ஓடின,
அந்த இடத்தில் நிற்காமல் கடந்தன.
"மற்றவை என்று ஒன்று இருக்கிறது, போடவா?"
போடு.
அங்கே எனக்கு இருபத்து மூன்று வயது,
மற்றவையில்.

அடுத்தது தங்க இசைத்தட்டு, ஐம்பதாயிரம் பிரதிக்காக.
ஒரு புத்தாண்டு இரவு ராக்கியா தலைக்கேறி
ஜோர்டானோ கண்ணாடிச் சட்டத்தை உடைத்து
அதைச் சுழலவிட்டான்.
எங்கள் பாட்டு வரவில்லை.
அக்கார்டியனோடு யாரோ ஒரு மனிதர்
கல்யாண வீட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.
விலைபோகாத தட்டுக்குப் பொன்முலாம் பூசி
எங்கள் பேரை ஒட்டியிருக்கிறார்கள்.
விடியும்வரை ஆடினோம் அந்த மனிதருக்கு.
நிவெஸ் எழுதுகிறாள்: கீறல் உண்டு.

எண்பத்தாறு, சிறந்த ராக் பாடகி.
போட்டியில் நான் ஒருத்திதான்.
தோற்றிருந்தால்தான் செய்தி.

தொண்ணூற்றிரண்டில் ஒன்றும் இல்லை.
தொண்ணூற்று மூன்றிலும்.
அவள் கேட்கவில்லை. அப்போது பிறந்திருக்க மாட்டாள்.
பாஸ் கிட்டார் வாசித்த மிலெங்கோ
புதிதாய் முளைத்த எல்லைக்கு அந்தப் பக்கம்
மருந்துக்கடை வைத்திருக்கிறான் என்பதை
எந்தக் கட்டத்தில் அடைப்பது?
வருடம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுவான்.
இருமல் மருந்து பற்றித்தான் பேசுவோம்.

"உப்புப் பல் குழுவினருக்கு" என்று
ஏழு கேடயத்தில் பொறித்திருக்கிறது.
அந்தக் குழுவினர் என்பது ஜோர்டானோதான்.
"நல்லதுதானே லோரெடானா,
டிரம்மில் ஒரு கூட்டமே உட்கார்ந்த மாதிரி" என்பான்.
போன மார்ச்சில் அவனைப் புதைத்தபோது
கல்லறைக் கல்லுக்குப் பேர் கேட்டார்கள்.
முழுப்பேரையும் கொடுத்தேன், அப்பா பேர் உட்பட.
எழுத்துக்கு இத்தனை என்று காசு வாங்கினார்கள்.

இன்னொன்று இருக்கிறது, எழுதிக்கொள்கிறாயா என்றேன்.
இடது காது. ஆண்டு எண்பத்து நான்கு,
கப்பல்துறைக் கொட்டகை, இரண்டாம் நாள் இரவு.
பொருள்: ஓயாத ஒரு விசில்.
வழங்கிய அமைப்பு: ஜோர்டானோவின் சிம்பல்.
சிரித்தாள். எழுதவில்லை.
நானும் வலது பக்கமாய்த் திரும்பிக்கொண்டேன்,
அவள் சிரிப்பு கேட்கட்டும் என்று.

வாழ்நாள் சாதனை மூன்று முறை கிடைத்தது.
முதல் வாழ்நாள் ஐம்பத்தெட்டில் முடிந்தது.
மேடையில் என் கையைப் பிடித்தபடி ஓர் அமைச்சர்
"இன்னும் பாடுகிறீர்களா?" என்றார்.
நான் பாடி இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை,
ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது.

மூன்றாவதைக் காணோம் என்கிறாள் நிவெஸ்,
பட்டியலில் விரல் வைத்து.
பால்கனிக் கதவைக் காட்டினேன்.
கதவடியில் குந்தியிருக்கிறது,
வெண்கலமும் கார்ஸ்ட் கல்லும், ஆறரைக் கிலோ.
மலையிலிருந்து புரா இறங்கும் இரவுகளில்
இந்தக் கதவுக்கு வேறெதுவும் பத்தாது.
துணி உலர்த்தும் கொடி பறந்திருக்கிறது,
எதிர்வீட்டு நாற்காலி பறந்திருக்கிறது.
எத்தனையோ பட்டம் கொடுத்தார்கள் எனக்கு,
பறக்காத பட்டம் இது ஒன்றுதான்.

"இதுதான் மேடம் கண்காட்சியின் நடுவில் வைக்கப்போவது."
இன்று ராத்திரி நூற்றிருபது கிலோமீட்டர் வேகமாம்,
வானொலியில் சொன்னார்கள்.
தரமுடியாது.
"காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது…"
காற்று என்று போடு.

போட்டாள்.
கையுறையைக் கழற்றினாள்.
சர்க்கரை இல்லாமல் காபி கிடைக்குமா என்றாள்.