ஒன்பதாம் கட்டம்

விபத்து நடந்த தேதி, மணி, நிமிடம்
என்று கேட்கிறது ஒன்பதாம் கட்டம்.
பொங்கியண்ணன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
என் முகத்தைப் பார்க்கிறார்.
சங்க ஆபீசில் மின்விசிறி ஓடுவது
அதன் இறக்கையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

எந்தத் தேதியைச் சொல்ல?
சோமனூரில் பத்தொன்பது வயதில்
தறிக்குடோனுக்குள் நுழைந்த அன்று
வீட்டுக்கு வந்தும் காதுக்குள் நாடா
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டிருந்தது.
ரெண்டு நாள்ல பழகிடும் அம்மிணி என்றார்கள்.
பழகிவிட்டது.
அதுதான் விபத்து என்றால்
அதற்கு மணி நிமிடம் கிடையாது.

குக்கர் எத்தனை விசில் என்று
பக்கத்து வீட்டு ரங்கநாயகியிடம் கேட்க ஆரம்பித்தது ஓர் ஆடி மாதம்.
எந்த வருச ஆடி?
மகள் பேறுகாலத்துக்கு வந்திருந்தபோது
தொட்டிலில் பிள்ளை வீறிட, ஓரடி தள்ளி
நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.
ஓடி வந்தவள் என்னைப் பார்த்த பார்வைக்குத்
தேதி உண்டு.
இந்தக் கட்டத்தில் அதை எழுத மனசில்லை.

நாலு முதலாளி பார்த்த காது இது.
ராக்கியப்பன் பதினோரு வருசம்,
பாகம் பிரிக்கும்வரை அவர் மகன் ஆறு,
சாமளாபுரத்து லீசுக்காரர் ஒன்பது.
இப்போதிருப்பவர் பதினாலு மாசம்.
"எங்கிட்ட வரும்போதே உனக்குப் பாதிக் காதுதான அம்மிணி,
மிச்சப் பாதிக்கு வேணாப் பேசலாம்."
உதட்டைப் படித்தேன். அதில் எனக்குத் தப்பு வராது.
கெட்டவர் இல்லை.
அவர் காதில் பஞ்சு இருந்தது.
எங்கள் காலடியிலும் கழிவுப் பஞ்சு கிடக்கும்;
எடுத்து வைத்தால்
இழை அறுவது தெரியாது என்று திட்டு விழும்.

சாட்சிக்குக் கூலிச் சிட்டை கொண்டுவந்தேன்,
ஒயர்கூடை நிறைய.
சனிக்கிழமை சனிக்கிழமையாய்
மீட்டர், பிடித்தம், முன்பணம், மீதி.
இந்த வாரம் இவ்வளவு காது கழித்தது என்று
ஒரு சிட்டையிலும் இல்லை.

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில்
கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள்.
கேட்டுக்கொண்டேதான் இருந்தது.
அமுக்கிக்கொண்டே இருந்தேன்.
அந்தப் பெண் கதவைத் திறந்து
"நான் இன்னும் எதையும் போடவே இல்லையேம்மா" என்றாள்.

வெறும் கட்டத்தைக் கம்ப்யூட்டர் ஏற்காதாம்.
பொங்கியண்ணன் அந்தச் சோதனை நாளையே போட்டுவிட்டார்:
செவ்வாய், பதினொன்று இருபது.
ஆக,
இருபத்தேழு வருசம் நல்ல காதோடு இருந்துவிட்டு
ஒரு செவ்வாய்க்கிழமை
சத்தமே இல்லாத அறையில்
எனக்கு விபத்து நடந்திருக்கிறது.

ரசீதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு
காந்திபுரத்தில் பஸ் ஏறி
எட்டு மணி ஷிப்ட்டுக்கு வந்துவிட்டேன்.
விசாரணைக்குக் கடிதம் வருமாம்.
அதுவரை அரிசி வாங்க வேண்டுமே.

நாலாம் தறியிலிருந்து கருணாம்பா
கையை விரித்து என்னாச்சு என்றாள்.
குடோனுக்குள் காது கேட்பவளுக்கும் கேட்காதவளுக்கும்
ஒரே பாஷை.
இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினேன்:
இழை அறுந்தது.
கட்டைவிரலைச் சுட்டுவிரலில் உருட்டினேன்:
முடிச்சுப் போட்டாச்சு.
அப்புறம் உள்ளங்கையைக் கவிழ்த்து
அப்படியே வைத்திருந்தேன்:
தறி இன்னும் ஓடவில்லை.