ஆறாம் இலக்கக் கூடு

முதல் ஐந்து கூடுகளும் இலகு.
பெயர்: ஞானசீலன் ரெஜினோல்ட்.
முகவரி: ஜம்பட்டா வீதி, தோட்டத்துக்குள், குழாயடிக்கு அடுத்த வீடு.
அடையாள அட்டையில் உள்ளபடியே பிறந்திருக்கிறேன்.
பிள்ளை ஒன்று,
மற்றது ஆவணியில்.

ஆறாவதில் பேனை நின்றுவிட்டது.
இறுதியாகத் தொழில் தந்தவரின் பெயர்.

யாரைப் போட?
காலி வீதியில் முழங்காலளவு தண்ணீர் நின்ற இரவு
இடியப்பப் பார்சலைச் சட்டைக்குள் வைத்து
நான் நனைந்து அதை நனையாமல் கொண்டுபோனேன்.
அதைச் சாப்பிட்டவரையா?
லிஃப்ட் பழுது, ஏறி வா என்று
பதினொராம் மாடியிலிருந்து சொன்னவரையா?
ஏறினேன். சொதி ஆறிவிட்டதாம்.
ஒரு நட்சத்திரம்.

கம்பனியின் பெயரை எழுதலாம்.
ஆனால் கம்பனி சொல்லும்:
இவர் எமது தொழிலாளி அல்லர், பங்காளி.

பங்காளி!
எங்கள் ஆட்களில் பங்காளி என்றால்
எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டு
அரை முழக் காணிக்கு மூன்று தலைமுறை வழக்காடுவான்.
எனக்கோ
பதில் சொல்ல ஒரு மனிதக் குரல் இருக்கிற
தொலைபேசி இலக்கம்கூடப் பங்கில் வரவில்லை.

வேலை போனது ஒரு செவ்வாய்க்கிழமை.
பொரளைச் சந்தி, சிவப்பு விளக்கு.
ஃபோன் திரை சாம்பலாகியது.
உங்கள் கணக்கு மீளாய்வில் உள்ளது.
விளக்கு பச்சையாகியது.
பின்னால் நூற்றுமூன்று பஸ்காரன்
ஹோர்னில் கை வைத்தவன் எடுக்கவில்லை.
போகலாம் என்கிறது பச்சை.
எங்கே?

பெட்டிக்குள் யாரோ ஒருவரின் கொத்து சுடச்சுட இருந்தது.
கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.
அதற்கு இன்னும் காசு வரவில்லை.

லீசிங்காரருக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது.
நான் தொழிலாளியோ பங்காளியோ,
மாதம் பதினெட்டாயிரம்.
அவர்களுடைய படிவத்தில் என் பெயர்
எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறது.

கருமபீடத்தில் ஹன்சமாலி மிஸ்
தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்:
"வேலை நிப்பாட்டின கடிதம் வேணும்."
ஃபோனைக் காட்டினேன்.
"அது சரி. ஃபோட்டோகொப்பி எடுத்துட்டு வாங்க."

எதிர்க்கடைப் பொடியன்
ஃபோனைக் கண்ணாடியில் குப்புறக் கிடத்தி
மூடியை அமத்தினான்.
வந்தது கறுப்பாய் ஒரு நீள்சதுரம்.
இருபது ரூபா.

இதுதான் மிஸ் கடிதம்.

அவர் அதைக் கனநேரம் பார்த்தார்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
படிவத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார்,
இரண்டு முறை.
"பெயர் மட்டும் போடுங்க. ஆறு வெறுமையாப் போனா
மேல திருப்பி அனுப்புவாங்க."

மூன்று வருடம்.
பதினாறாயிரத்து நானூறு சொச்சம் பயணம்.
கதவைத் திறந்தவர்களின் முகம் மறந்துபோச்சு,
கேற்றுகள் எல்லாம் ஞாபகம்:
எது இழுக்கிறது, எது தள்ளுகிறது,
எந்த வீட்டு நாய் கட்டாதது.

எழுதினேன்: கொழும்பு.

"இது ஆளில்லையே."
"இல்லை மிஸ். ஆனா வேலை வாங்கினது இதுதான்."

வெட்டவுமில்லை, சரியென்று சொல்லவுமில்லை.
திகதி முத்திரையை எடுத்தார்;
மை காய்ந்திருந்தது; ஊதி ஊதிக் குத்தினார்.
இரண்டு கிழமையில் வாங்க.
அதற்குள் ஒரு லீசிங் தவணை இருக்கிறது
என்பதற்குக் கூடு எதுவும் இல்லை.

எனக்குப் பின்னால் ஃபஸ்மினா என்ற அக்கா.
கறுவாத்தோட்டத்தில் நாலு வீடு கூட்டித் துடைத்தவர்.
மூன்று வீட்டார் துபாய்க்கும் மெல்பனுக்கும் போய்விட
ஒரு வீடு மிஞ்சி, அதுவும் போன மாதத்தோடு சரி.
ஆறாம் கூட்டுக்குள் நாலு நோனாமாரையும்
எறும்பு எழுத்தில் நெருக்கி அடைக்கப் பார்த்து
இரண்டாவதுடன் இடம் முடிந்து
நூலில் கட்டிய பேனையோடு விழித்துக்கொண்டு நின்றார்.
நூலும் குட்டை.

சட்டைப்பையில் இருந்த என் பேனையைக் கொடுத்தேன்.
அவர் தாளைத் திருப்பினார்.
பின்பக்கம் முழுதும் வெறுமை.
இங்கே எழுதக்கூடாது என்று
எவரும் அச்சடிக்க மறந்திருந்தார்கள்.